வெர்டெல் செத்துப்போன வீடு

தான் செத்துப்போன செய்தியை வெர்டெல் கிரைம்ஸ் தன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று கேட்டாள். அமெரிக்காவின் தெற்கே சவானா நகரத்துப் பழைய மாளிகை ஒன்றின் மாடிப்படியில் அப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு இருந்தது.

செய்தியைச் சொன்னவன் கோல்பி. அந்த மாளிகை இப்போது விருந்தினர் விடுதி. வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது அவன் வேலை. பத்துப் பன்னிரண்டு பேர் படிக்கட்டில் நெருக்கியடித்து நிற்க, அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"1912ஆம் வருஷம். இந்த வீட்ல டெல்னு ஒரு கறுப்பினப் பொண்ணு வேலை பார்த்தா. வயசு பத்தொன்பது. வீட்டு வாரிசு வின்ஃபீல்ட் மேல அவளுக்கு உசிரு. ஆனா அவருக்கு வேற இடத்துல கல்யாணம் நிச்சயமாச்சு. கல்யாண விருந்துக்கு மேசைத்துணி இஸ்திரி போடச் சொன்னாங்க. போட்டுக்கிட்டே இருந்தவ, சூடான பெட்டியைத் துணி மேலயே விட்டுட்டு, மூணாவது மாடி ஜன்னல் பக்கம் நடந்து போனா..."

அங்கே நிறுத்தினான். நிறுத்த வேண்டிய இடம் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இன்னைக்கும் சில மத்தியானம் கஞ்சி போட்ட துணி வாசனை வருதுன்னு விருந்தாளிங்க சொல்றாங்க."

முன்னால் நின்ற ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ஆமா, வருதே!" என்றாள்.

கோல்பி சுவரைக் காட்டினான். பழுப்பேறிய புகைப்படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒல்லிப் பெண், கையில் தட்டோடு வராந்தாவில் நின்று சிரித்தாள். சிரிப்பில் இடது முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது.

வெர்டெல் நாக்கு நுனியால் தன் இடது முன்பல்லைத் தடவிப் பார்த்தாள். உடைசல் அங்கேதான் இருந்தது.

 பக்கத்தில் நின்ற மகள் ஜெனீன் படத்தையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள்.  எலுமிச்சைச் சாறு சரிந்து படியில் கொட்டப் போனதைக் கண்டு குவளையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பயணம் ஜெனீன் கொடுத்த பிறந்தநாள் பரிசு. "முப்பத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைச்சிருக்க. ரெண்டு நாளு எவனோ ஒருத்தன் உன் படுக்கையை விரிக்கட்டும்மா. நீ காலை நீட்டி உக்காரு" என்று சொல்லி, மேக்கன் ஊரிலிருந்து காரில் அழைத்து வந்திருந்தாள். ஓக் மரங்களில் பாசி தொங்கும் அந்தச் சதுக்கத்தில் கார் நின்றபோதுதான் வெர்டெல் வீட்டைப் பார்த்தாள். பிரூயிட் வீடு. பதினாறு வயதிலிருந்து பத்தொன்பது வரை அவள் இஸ்திரி போட்ட வீடு. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேறு விடுதி தேடுவாள், கட்டிய பணம் போச்சே என்று வருத்தப்படுவாள். அதோடு, அந்த வீட்டின் முன்வாசல் வழியாக வெர்டெல் ஒரே ஒரு தடவை வெளியே போயிருக்கிறாளே தவிர, உள்ளே வந்ததே இல்லை. வந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது.

ஜெனீன் எடுத்திருந்த அறைக்கு 'டெல்லின் அறை' என்று பெயர். மூன்றாவது மாடி. பெயர் அழகாக இருக்கிறதே என்றுதான் எடுத்தாளாம். அந்த வீட்டு எஜமானி பெரிய பிரூயிட் அம்மாள் வெர்டெல் என்ற பெயரை முழுதாகச் சொல்லச் சோம்பல்பட்டு டெல் என்று வெட்டியிருந்தது மகளுக்கு எப்படித் தெரியும்? மேக்கனில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அறைக்குத் திரும்பியதும் வெர்டெல் கட்டிலில் உட்கார்ந்தாள். இஸ்திரிப் பலகை நின்ற இடத்தில்தான் கட்டில் கிடந்தது. ஜன்னலோரம் ஒரு குட்டி மேசை. அதன்மேல் தலைப்பின்கள், ரிப்பன்கள், ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். தங்க வருகிறவர்கள் செத்தவளுக்காக விட்டுப் போனவை. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். 'டெல் என் பாதத்தைத் தொட்டாள்', 'பாவம், அழுகைச் சத்தம் கேட்டது', 'எங்கள் திருமணநாளில் டெல் எங்களை ஆசீர்வதித்தாள்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது.

"ஜெனீன்."

"என்னம்மா?"

"நான்தான்டி அது."

"பல்லைப் பார்த்தப்பவே தெரிஞ்சுதும்மா. நீ சொல்லட்டும்னு இருந்தேன்."

"நான் யாரு பாதத்தையும் தொடலடி."

ஜெனீனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. அம்மா நோட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். 

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டாம். எங்கம்மாவே அப்பப் பொறக்கல. அந்த வின்ஃபீல்டு இருக்கானே, நான் இந்த வீட்ல இருந்தப்ப அவனுக்குப் பதினோரு வயசு. படுக்கையில ஒண்ணுக்குப் போவான். அந்த விரிப்பைத் துவைச்சவ நான். அவனுக்காக நான் உசிரை விட்டேனாம்!"

செத்தவளுக்கு வைத்த மிட்டாயில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு ஐம்பத்தாறு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை மகளிடம் சொன்னாள்.

1963, ஜூன் மாதம். கடைகளிலும் உணவகங்களிலும் வெள்ளையரோடு சமமாக உட்கார இடம் கேட்டுச் சவானாவின் கறுப்பு மக்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். சிறைகள் நிரம்பின. அன்று பிரூயிட் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு மத்தியான விருந்து. மேலே மேசைத்துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வெர்டெலை மணி அடித்துக் கூப்பிட்டாள் பிரூயிட் அம்மாள். சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் நிறுத்தி, விருந்தாளிகள் முன்னால் கேட்டாள்: "டெல், இவங்ககிட்ட சொல்லு. அந்த ஊர்வலக் கூட்டத்துக்கும் உனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லதானே? நீ இங்க சந்தோஷமாத்தானே இருக்க?"

கரண்டிகள் நின்றன. பன்னிரண்டு முகங்களும் 'ஆமாம்மா' என்ற சொல்லுக்குக் காத்திருந்தன. அந்தச் சொல் இருந்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். ஒரு மனுஷியின் வயிற்றில் அடித்து, 'வலிக்கவில்லை' என்று அவள் வாயாலேயே எழுதி வாங்கிக்கொள்ளும் கலை அது. அநியாயம் எங்கே நடந்தாலும் இந்தக் கையெழுத்தைக் கேட்காமல் விடுவதில்லை.

"எங்கம்மா செவ்வாய்க்கிழமையில இருந்து ஜெயில்ல இருக்காங்கம்மா" என்றாள் வெர்டெல். ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, நாற்காலி முதுகில் போட்டாள். பின்கட்டுக்குப் போகவில்லை. கூடத்தைத் தாண்டி முன்கதவைத் திறந்துகொண்டு நடந்தாள். மத்தியான வெயில் கண்ணைக் குத்தியது. அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் மேக்கனுக்குப் பஸ், சித்தி வீடு, ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை, அங்கே சங்கம் கட்டப் போராடி அலைந்தது, பஸ் மெக்கானிக் ராய்ஸோடு கல்யாணம், மூன்று பிள்ளைகள். செத்தவளுக்கு ஓய்வே இல்லை.

"இதை ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"இதுல என்னடி இருக்கு சொல்ல? வேலையை விட்டேன். அவ்வளவுதான்னு நெனச்சேன்."

மறுநாள் காலை, இறாலும் சோளக்கஞ்சியும் மேசையில் ஆறிக்கொண்டிருக்க, விடுதிக்காரி லோர்னா ஹேஸை உட்கார வைத்து வெர்டெல் விஷயத்தைச் சொன்னாள். அவள் கேட்டது இரண்டு. படத்தைக் கழற்ற வேண்டும். டெல் சாகவில்லை, தானாக வேலையை விட்டுப் போனாள் என்று சொல்ல வேண்டும்.

லோர்னா கெட்டவள் இல்லை. முகம் வெளுத்துப்போனது. உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தாள்.

"மிஸ் வெர்டெல், சத்தியமா நான் கட்டினது இல்ல. வீட்டை வாங்கினப்ப இதுவும் கூட வந்துச்சு."

டைப் அடித்த இரண்டு தாள்கள். 'எங்கள் வீட்டின் துயரக் கதை' என்று தலைப்பு. கீழே பெரிய பிரூயிட் அம்மாளின் கையெழுத்து.

நேற்றைய அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது வெர்டெலுக்கு. யாரோ சுற்றுலாக் கம்பெனிக்காரன் சோற்றுக்காகப் புளுகியிருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எஜமானியே உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தட்டி, தன்னைக் கொன்றிருக்கிறாள்.

"ஏன்?" என்றாள் ஜெனீன்.

வெர்டெல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேலைக்காரி விட்டுட்டுப் போயிட்டான்னு ஊர்ல சொல்ல முடியல. பன்னெண்டு பேரு பார்த்துட்டாங்களே. அதான் வருஷத்தை மாத்தி, காதலைச் சேர்த்து, ஜன்னல்ல இருந்து தள்ளிவிட்டுட்டா. நான் நடந்து போனதை அவளால தாங்க முடியலடி. விழுந்து செத்தா தாங்கிக்குவா."

லோர்னா தொண்டையைச் செருமினாள். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா காதல்ல செத்த பொண்ணைப் பார்க்க ஜனங்க வர்றாங்க. வேலையை விட்டுப் போன பொண்ணைப் பார்க்க யாரு வருவா? நீங்க ஒண்ணு பண்ணுங்களேன். மாசம் ஒருநாள் வந்து கூடத்துல உக்காருங்க. தங்குறது, சாப்பாடு எல்லாம் எங்க செலவு. டெல்லோட பேத்தின்னு சொல்லிக்கலாம்."

"எனக்கு நானே பேத்தியா? கல்யாணமே ஆகாம செத்தவளுக்குப் பேத்தி ஏது?"

"கதைக்கு நல்லா இருக்கும்..."

வெர்டெல் எழுந்துவிட்டாள்.

பதினோரு மணிச் சுற்றுக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. கோல்பி அதே படியில் நின்று, அதே இடத்தில் குரலைத் தாழ்த்தினான். கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்திருந்த மேசைத்துணியைக் காட்டினான். நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் கருகிய தழும்பு. "மனசு ஒடைஞ்ச டெல், சூடான பெட்டியை அப்படியே..."

"நிறுத்து தம்பி," என்றாள் வெர்டெல். "நான் பெட்டியை நிமிர்த்தி வெச்சுட்டுத்தான் கீழ போனேன். என் வாழ்நாள்ல ஒரு துணி கருக்கினதில்ல. நான் போன அப்புறம் எவளோ இஸ்திரி போடத் தெரியாதவ போட்டுப் பார்த்திருக்கா. அந்த வீட்ல அப்ப இஸ்திரி போட மிச்சம் இருந்தது பிரூயிட் அம்மா மட்டும்தான்."

கூட்டம் திரும்பியது.

"அந்தப் படத்தோட மூலையைப் பாருங்க. வராந்தாவுக்கு வெளியில ஒரு காரு நிக்குது. அதோட பின்பக்கம் ரெக்கை மாதிரி தூக்கிக்கிட்டு இருக்கு பாருங்க. 1912ல ஏது அந்தக் காரு? அந்தப் படம் எடுத்தது அறுபத்திரண்டு ஈஸ்டர் அன்னைக்கு. அது நான். இதோ பல்லு." உதட்டைத் தூக்கிக் காட்டினாள். "நான் விழவும் இல்ல, சாகவும் இல்ல. எங்கம்மாவை ஜெயில்ல போட்டிருந்தாங்க. என்னை இவங்க சந்தோஷமா இருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லாம முன்வாசல் வழியா நடந்து போயிட்டேன்."

 கைதட்டல் கிளம்பியது.

"பிரமாதம்! என்ன நடிப்பு!" என்றார் தொப்பிக்காரர் ஒருவர். அவர் மனைவி வெர்டெலின் தோளில் கை போட்டு, "ஒரு படம் எடுத்துக்கலாமா டெல்?" என்றாள்.

வெர்டெல் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள், மறுப்பார்கள், வெளியே போ என்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். ரசிப்பார்கள் என்று நினைக்கவில்லை. பேயை நம்பத் தயாராக மேலே வந்த அத்தனை பேருக்கும், உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டு எதிரே நிற்கும் மனுஷியை நம்ப முடியவில்லை.

ஜெனீன் கத்தினாள்: "அது நடிப்பு இல்ல! அவங்க எங்கம்மா! வெர்டெல் கிரைம்ஸ்!"

இன்னும் கொஞ்சம் கை தட்டினார்கள்.

தட்டாமல் நின்றவன் கோல்பி மட்டும்தான். சட்டத்தோடு முகத்தை ஒட்டி அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பியபோது அவன் காது மடல்கள் சிவந்திருந்தன.

"ரெண்டு வருஷமா, நாளைக்கு மூணு தடவை இந்தப் படத்துக்கு முன்னாடி நிக்கிறேன்," என்றான். "அந்தக் காரை நான் பார்த்ததே இல்லம்மா. எழுதிக் குடுத்ததைத்தான் சொன்னேன்."

"நானும் சொன்னதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன் தம்பி, ஒருநாள் வரைக்கும்."

கோல்பி ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். கீழே நின்ற லோர்னா பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்ததையும் பார்த்தாள். தடுக்கவில்லை. "கதையையும் மாத்திடறேன் மிஸ் வெர்டெல்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து, மேக்கனில், ஜெனீன் சமையலறைக்குள் வந்து கைபேசியை அம்மா முன்னால் நீட்டினாள். விடுதியின் இணையப் பக்கம். கதையை மாற்றித்தான் இருந்தார்கள். 'டெல்லின் அறை' இப்போது 'லூட்டியின் அறை'. அதே 1912. அதே மேசைத்துணி, அதே ஜன்னல். சுவரில் புதுப் படம்: ஏப்ரன் கட்டிய வேறொரு கறுப்பினப் பெண். காரும் இல்லை, வராந்தாவும் இல்லை, முகம் மட்டும். எந்தப் பழைய சாமான் கடையில் பொறுக்கினார்களோ.

"கோல்பியும் இப்ப அங்க இல்லம்மா. கேட்டேன். வேலையை விட்டுட்டானாம்."

வெர்டெல் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். நெற்றியில் சிறு வடு. படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொல்லியும் சிரிக்காத வாய்.

"இவ யாருடி?"

"தெரியலம்மா. பேரு லூட்டின்னு போட்டிருக்காங்க."

"அது அவங்க வெச்ச பேரு. இவளுக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல? எங்கயோ குடும்பம் இருக்கும். இவளே உசிரோட இருந்தாலும் இருப்பா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பக்கம் முழுக்க வர்ற மாதிரி இதைப் பெருசா அச்சடி. பத்துப் படி எடு. சவானாவுல எங்கம்மாவோட ஊர்வலத்துல நடந்த கிழவிங்க நாலஞ்சு பேரு இன்னும் இருக்காளுங்க, அவங்களுக்கு அனுப்பணும். மொதல்ல போனைப் போட்டுக் குடு."

"யாருக்கும்மா?"

"அவங்கள்ல ஒருத்தி, சர்ச்சுல பாடுவாளே, அந்த எர்னஸ்டீனுக்கு. அவளுக்கு ஒருத்தர் மொகம் மறக்காது."

ஜெனீன் எண்ணைத் தேடினாள். வெர்டெல் அந்தப் பெண்ணின் நெற்றி வடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.