அக்கா திரும்பி வந்த பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டிக்கொண்டே சுற்றும் இயந்திரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. கடையில் அவருக்குப் பெயர் எழுத்தாளர். மரியாதையில் வந்த பெயர் இல்லை அது. வருடக்கணக்காகக் கதை எழுதியும் ஒன்றுகூட அச்சில் வராததால் கூட வேலை செய்தவர்கள் வைத்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. சிலவற்றுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. மனிதர் அசரவில்லை, மறுநாளே அடுத்ததை ஆரம்பித்துவிடுவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலம் அந்த வயதை விழுங்கிவிட்டது. அம்மா போனபின் அவருக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். அவள் அதே ஊரில் மகன் வீட்டில் இருந்தாள். வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, தம்பி சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுப் போவாள். கதையெல்லாம் அவள் கேட்டதில்லை.

டயர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கதை வட்டம் கூடியது. நடத்தியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று புத்தகம் போட்டவர். யாரையும் பாராட்டியதாகச் சரித்திரமே இல்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கதையைப் படித்து முடித்ததும் மற்றவர்கள் கூடிப் பேசி, எந்த இடம் கதையைக் கெடுக்கிறது என்று தீர்ப்புச் சொல்வார்கள். மேசைமேல் கத்தரிக்கோல் இருக்கும். எழுதியவரே தன் கையால் அந்த இடத்தை வெட்டிக் குப்பைக்கூடையில் போட வேண்டும். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டால் பழைய சாமானை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள் என்பார் வாத்தியார்.

கண்ணாடிக்காரர் இந்தமுறை அக்காவைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருந்தார். ஒன்றையும் ஜோடிக்கவில்லை. மூத்த மகள் அம்மாவோடு சண்டை போட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறாள். அம்மா கைகால் விளங்காமல் விழுந்தபோதும் வரவில்லை, ஆள் விட்டுக் கூப்பிட்டால் வந்தவர் முகத்திலேயே கதவைச் சாத்துகிறாள். கடைசியில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவின் படுக்கைப்புண்ணைக் கழுவ உட்காருகிறாள். அம்மாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. உயிர் போகும்வரை மகள் அந்த அறையைவிட்டு நகரவில்லை.

வட்டத்தில் மறுபேச்சே இல்லை. கெடுப்பது அந்தக் கடைசிப் பக்கம்தான். ஆனால் அவள் நிஜமாகவே வந்தாளே என்று கண்ணாடிக்காரர் மென்று விழுங்கினார்.

“நெஜத்துல நடந்துச்சுன்னா கதையில இருந்தே ஆகணுமா?” என்றார் வாத்தியார். “அவ வந்ததோட கத செத்துப்போச்சுங்க. எடுங்க அத.”

எடுத்தார். எடுத்ததும் கதை நிமிர்ந்து நின்றது; கொடுமையே அதுதான். கதவு சாத்துகிற சத்தத்தோடு முடிந்த கதையை அவரே இரண்டுமுறை படித்துப் பார்த்தார். அனுப்பிய முதல் பத்திரிகையே போட்டுவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடை முதலாளி ஒரு பிரதியைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஷோகேஸில் வைத்தார். இனி அவரை எழுத்தாளர் என்று கூப்பிட்டால் யாரும் சிரிக்க முடியாது.

அந்த வாரம் அக்கா பின்னறைக்கே வந்தாள். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். கதையில் வருகிற, முன்கையில் அக்காவுக்கு இருப்பதுபோலவே சூட்டுத் தழும்பு உள்ள பெண் யார் என்று மருமகளுக்குப் படித்ததும் தெரிந்துவிட்டது. மகனும் படித்திருக்கிறான். பாட்டி சாகும்போது அவன் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தவன், கடைசி நாட்களைப் பார்க்காதவன். கதையைப் படித்ததிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

“நான் போனது, கத்தினது எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. அதுல நான் ஒண்ணும் சொல்லல. வந்தத ஏன்டா விட்டுட்ட?”

“அது இருந்தா கத கெட்டுப்போயிடும்னு வெட்டச் சொன்னாங்கக்கா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். வெட்டிய காகிதம் எங்கே என்று கேட்டாள். அது போய்விட்டது என்றார். “அப்ப திரும்ப எழுதிக் குடு. என் புள்ளைக்குக் காட்டணும்” என்றாள்.

எழுதினார். உயிரைக் கொடுத்து எழுதினார். பல வருடம் கற்ற வித்தை எதுவும் கைகொடுக்கவில்லை. புண்ணைக் கழுவினாள் என்று எழுதினால் உபதேசம்போல இருந்தது. அழுதாள் என்று எழுதினால் நாடகம். வாத்தியார் சொன்னது சரிதான் என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது. கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி எடுத்துக்கொண்டு, அக்கா மகன் வீட்டுக்குப் போனார்.

மகன் நின்றபடியே படித்தான். அக்கா சுவரோரம் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், என் கண்ணால் பார்த்தது இது என்று கண்ணாடிக்காரர் அடித்துச் சொன்னார். அவன் காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. பத்திரிகையில வந்தது, பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருந்துச்சு. இது அம்மாவுக்காகக் கட்டின கத மாதிரி இருக்கு.”

அவர் மறுபடி எழுதித் தருகிறேன், இன்னும் நன்றாக எழுதித் தருகிறேன் என்று என்னவோ உளறினார். அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

“விடுடா தம்பி,” என்றாள். “நான் வரலைன்னே இருக்கட்டும்.”