ஏழாவது வளையம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவாசை என்கிறவருக்குப் போன் வரும். அதற்காகச் சனிக்கிழமையே சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவார். மற்ற ஆறு நாளும் அந்தப் போனில் பேசுகிறவர்கள் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்கள்தான். அவர்களிடமும் அவர், வேண்டாம்மா, சாப்ட்டியாம்மா என்று நிதானமாகத்தான் பேசுவார். மனுஷக் குரல் ஆயிற்றே, பட்டென்று வைக்க மனசு வருமா?

லாஸ்பேட்டையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அவர் ஆபரேட்டர். காலையில் மோட்டாரைப் போட வேண்டும், நிரம்பினால் நிறுத்த வேண்டும், சாயங்காலம் வால்வைத் திறந்து மூட வேண்டும். நாலு தெரு ஜனம் அவர் திறந்துவிடுகிற தண்ணீரைக் குடிக்கிறது, ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது. தண்ணீர் வராத அன்றைக்கு மட்டும் 'எங்கய்யா அந்த ஆளு' என்று தேடுவார்கள். நன்றி கெட்ட ஜனம், வேறென்ன சொல்ல?

வயது ஐம்பத்து நாலு. அப்பா வேலை பார்த்த மில் மூடிய வருஷம் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அடுத்த வருஷம் ஆகட்டும் என்றார்கள். தங்கச்சிக்கு முடியட்டும் என்றார்கள். முடிந்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. அந்தத் தங்கச்சி கமலவேணி கோரிமேட்டில் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எட்டிப் பார்ப்பாள். உள்ளே வரமாட்டாள். "இந்தக் கருமாந்தரத்தயெல்லாம் வூட்டுல வச்சிருந்தா எவன் உள்ள வருவான்?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போவாள்.

அவள் சொல்கிற கருமாந்தரம் மரவட்டைகள். சின்ன வயசில் ரயில் பூச்சி என்று குச்சியால் தொட்டுச் சுருள வைப்போமே, அதேதான். ஒரு மழைக்காலத்தில் பம்ப் ரூமுக்குள் ஏழெட்டு ஊர்ந்து வந்தன. மிதிபடுமே என்று அம்மாவாசை பக்கெட்டில் எடுத்துப் போட்டார். மக்கின பூவரச இலையைத் தின்றன. வெள்ளரிக்காய் போட்டதும் மேலே வந்தன. மூன்றாம் மாசம் மண்ணுக்குள் நூல் நூலாகக் குட்டிகள். அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. அதனால்தான் போனில் தேடித் தேடி, மரவட்டை வளர்க்கிறவர்களின் குரூப் ஒன்றில் போய்ச் சேர்ந்தார்.

ஆறு வருஷத்தில் அம்மாவாசை சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர் வாங்கிவிட்டார். படத்தை அனுப்பினால் எந்த மலைப்பக்கத்து வகை என்று சொல்லிவிடுவார். ஆணா பெட்டையா என்று பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். பூச்சியைக் கண்ணாடி மேல் விட்டு, அடியிலிருந்து பார்த்துத் தலையிலிருந்து வளையங்களை எண்ணுவார். ஏழாவது வளையத்தில் கால் இல்லாமல் இடைவெளி தெரிந்தால் ஆண். கால் வரிசை தொடர்ந்து ஓடினால் பெட்டை. ஒரு பக்கம் பார்த்தது போதாதென்று திருப்பி மறுபக்கமும் எண்ணுவார். பிறகு ஜோடியை ஈர மண்ணோடு டப்பாவில் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவார்.

வாங்கினவர்கள் முதலில் தினமும் போன் செய்வார்கள். என்ன போடுவது, எவ்வளவு ஈரம் வேண்டும், ஏன் மேலே வரவில்லை என்று. குட்டி வந்த மறுநாளோடு சரி. அப்புறம் பேச்சுமூச்சு இருக்காது. அப்படிப் போனவர்கள் பதினோரு பேர். அம்மாவாசைக்குப் பதினோரு பெயரும் ஞாபகம் இருக்கிறது.

திருச்சி கோபிநாத் பன்னிரண்டாவது ஆள். போன ஐப்பசியில் ஒரு ஜோடி வாங்கினான். சின்னதிலிருந்தே தனித்தனி டப்பாவில், ஜோடி சேராமல் வளர்ந்தவை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பேச ஆரம்பித்தான். பூச்சியில் தொடங்கும் பேச்சு மழை, மின்வெட்டு, அவன் ஆபீஸ் மேனேஜர் என்று எங்கெங்கோ போய், "இன்னிக்கு என்ன சமையல்ண்ணே?" என்பதில் முடியும். முதல் தடவை கேட்டபோது அம்மாவாசைக்குப் பதில் இல்லை, அவர் தின்றது பன்னும் டீயும். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே குழம்பு கூட்டி வைத்தார். கேட்கிற மனுஷனுக்கு ஒரு பதில் வேண்டாமா?

தை மாசம் கோபிநாத் ஒரு படம் அனுப்பினான். "ஆம்பள சட்டை உரிச்சிட்டு வந்துருக்காண்ணே, எப்படி மினுமினுங்குறான் பாருங்க." மரவட்டை அடிப்பக்கம் தெரிய, கண்ணாடி டப்பாவின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அம்மாவாசை எண்ணினார். ஏழாவது வளையத்தில் கால்கள் இருந்தன.

இன்னொரு தடவை எண்ணினார். அனுப்பின அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு பக்கம் மட்டும் எண்ணினது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்துக் கால் எப்போதோ ஒடிந்து போயிருக்கிறது. சட்டை உரித்ததும் முளைத்துவிட்டது. ஆக, அனுப்பினது இரண்டும் பெட்டை. எந்த ஜென்மத்தில் குட்டி போடும்?

உடனே சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுக்கவும் எடுத்தார். ஆண் ஒன்று போய்ச் சேர்ந்தால் மூன்று மாசத்தில் குட்டி வரும், கோபிநாத்தும் பதினோரு பேரோடு போய்ச் சேருவான். அம்மாவாசை போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்படியே சித்திரையும் வைகாசியும் போயின.

"இன்னும் முட்டை வைக்கலண்ணே."

"ஈரம் கொஞ்சம் கூட்டிப் பாரு தம்பி."

"இன்னும் வைக்கலண்ணே."

"எல வேற மாத்திப் பாரு."

போனை வைத்தபிறகு குழம்பு இறங்காது. தன்னைத் தானே திட்டிக்கொள்வார். ஞாயிறு வந்தால் மறுபடி அதே பொய்.

ஆடியில் ஒரு ஞாயிறு கோபிநாத் எடுத்த எடுப்பிலேயே சொன்னான். "ஒண்ணு செத்துப்போச்சுண்ணே. முட்டை இருக்கான்னு தெனமும் மண்ணக் கிளறிக் கிளறிப் பாத்துட்டிருந்தேன். உள்ள சட்டை உரிச்சிக்கிட்டு இருந்திருக்கு. வெள்ளை வெளேர்னு மெத்துனு இருந்துச்சு. கை பட்டு நசுங்கிடுச்சு. மிச்சத்த உங்களுக்கே அனுப்பிடுறேன். என் கைக்கு ராசி இல்ல."

சட்டை உரிக்கிற சமயத்தில் மண்ணைத் தொடக் கூடாது. அதுதான் முதல் பாடம். இல்லாத முட்டையைத் தேடிக் கிளற வைத்தது யார்?

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ரெண்டும் பொட்ட. நான்தான் ஒழுங்கா எண்ணாம அனுப்பிட்டேன். தையிலியே தெரியும் எனக்கு."

கோபிநாத் கேட்டான். "தைலேயே தெரியுமா? ஏண்ணே சொல்லல?"

அம்மாவாசை நாலு விதமாகச் சமாளித்திருக்கலாம். ஆனால் வாயில் வந்தது உள்ளதுதான்.

"குட்டி வந்துட்டா நீ போன் பண்ண மாட்டியே."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அன்றைக்கே தன்னிடம் இருந்ததில் நல்ல ஆணாகப் பார்த்து எடுத்தார். கண்ணாடியில் விட்டு இரண்டு பக்கமும் எண்ணினார், மூன்று தடவை. பஸ்ஸில் கொடுத்துவிட்டு வண்டி நம்பரை அனுப்பினார். பார்த்துவிட்டதாக நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. குழம்பு மட்டும் ஒன்பது மணிக்குக் கொதித்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, வால்வை மூடிவிட்டு வந்து போனைப் பார்த்தார். கோபிநாத்திடமிருந்து ஒரு படம். டப்பா மண்ணில் நூல் நூலாக முப்பது நாற்பது குட்டிகள். கூட ஒரு வார்த்தை இல்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடி பெரிசாக்கினார். டப்பா விளிம்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் பேனாவால் எழுதியிருந்தது: 'அம்மாவாசை, லாஸ்பேட்டை.' எந்தக் கையிலிருந்து வந்த வம்சம் என்று டப்பாவில் எழுதி வைப்பது வளர்க்கிறவர்கள் வழக்கம். அந்தப் பதினோரு பேரில் எழுதினவன் எவனுமில்லை.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ரொம்ப நேரம் யோசித்து, 'மண்ண மட்டும் கிளறாத தம்பி' என்று எழுதி அனுப்பினார். நீல டிக் வந்தது.

மறுநாள் ஞாயிறு. ஒன்பது மணிக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கூட்டினார். போன் ஃபுல் சார்ஜில் இருந்தது. பத்து ஆயிற்று, பத்தே கால் ஆயிற்று. குட்டி வந்துவிட்டதே, இனி எதற்குப் போன் வரும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பதினொன்றுக்குத் தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினார்.

"கத்தரிக்கா தம்பி," என்றார், யாரும் கேட்காமலே.