கண்ணீர் வராத மகள்

அம்மா இறந்த அன்று எனக்கு அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. நெஞ்சு விம்மியது, கண் மட்டும் மணல் விழுந்ததுபோல் எரிந்துகொண்டிருந்தது. அழுகையும் கண்ணீரும் வேறு வேறு என்று அப்போது எனக்கே தெரியாது.

அம்மா கடைசிக் காலத்தில் கட்டுகஸ்தோட்டையில் என்னோடுதான் இருந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளாக் வேலை. ஒரே அண்ணன், பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு இருதய வருத்தம். மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒருநாள் விடிந்ததும் தேத்தண்ணியோடு போய் எழுப்பினேன். அம்மா எழும்பவில்லை. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

சடங்கெல்லாம் அண்ணன் வீட்டில் நடந்தது. சாம்பிராணிப் புகையில் கண்ணைத் திறக்க முடியாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த அத்தை, என் காதில் விழும்படியே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்:

"பெத்தவ போயிட்டா. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல பாரு."

கொஞ்ச நேரத்தில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்குக் கடைசியாக என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதட்டை நக்கி, கைப்பையிலிருந்த போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. அதுவும் கம்மிய குரலில். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், இவள் பொய்யை யோசித்துச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன்.

அதற்கு முன்பே உடம்பில் சில கோளாறுகள் இருந்தன. பாண் துண்டைத் தேத்தண்ணியில் நனைக்காமல் விழுங்க முடியாது. காலையில் விரல்கள் மடங்காமல் விறைத்துக் கிடக்கும். ஒன்றும் செய்யாமலே அசதி. வயதாகிறது, நாள் முழுவதும் கம்ப்யூட்டரைப் பார்க்கிறோம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு மூக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றினேன்.

கருமாதிக்குப் பிறகு அண்ணன் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தாலும் ஒன்றிரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவார். அம்மாவின் அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது மாத்திரை அட்டைகள் ஒன்றையும் காணவில்லை. மரணத்துக்கு மறுநாள் அந்த அறைக்குப் போனவர் அண்ணன் மட்டும்தான். அம்மாவின் சேலை எடுக்க வந்ததாகச் சொன்னார். அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

அதன்பிறகு எனக்கும் யாரையும் நம்ப முடியவில்லை. அலுவலகத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. போகப்போக என்னையே நான் சந்தேகப்பட்டேன். அன்று ராத்திரி மாத்திரையை மறதியாக இரண்டு முறை கொடுத்துவிட்டேனோ? அம்மா மேல் எனக்கு உண்மையில் பாசம் இல்லையோ? பாசம் இருந்தால் ஒரு சொட்டாவது வந்திருக்குமே.

ஒருநாள் கடைவாய்ப் பல் உடைந்தது. கண்டியில் பல் வைத்தியம் பார்க்கும் ஒரு முஸ்லிம் பெண் டொக்டரிடம் போனேன். ஈறோரம் எல்லாப் பல்லும் அரித்திருப்பதைப் பார்த்து, இனிப்பு நிறையச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவரும் நம்பவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் சின்னக் கண்ணாடியை என் கன்னத்தின் உட்பக்கம் வைத்து எடுத்தபோது அது ஒட்டிக்கொண்டு வந்தது. திரும்ப ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

"உங்கட வாயில எச்சிலே இல்லையே. கண்ணும் காயுதா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாத நோய் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தார். பல்லுக்கும் வாதத்துக்கும் என்ன சம்பந்தம், தெரியாததால் தள்ளிவிடுகிறாரோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கிளினிக் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்தார், காதுக்குக் கீழே தடவி வீக்கம் தேடினார். பிறகு கீழிமைக்குள் மெல்லிய காகிதத் துண்டுகளைச் செருகிக் கண்ணை மூடச் சொன்னார். எடுத்தபோது நுனி மட்டும் லேசாக நனைந்திருந்தது. இரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு வந்ததும், உதட்டின் உட்பக்கம் சின்னதாக வெட்டிச் சோதிக்க வேண்டும், துணைக்கு ஒருவரோடு வாருங்கள் என்றார்கள். கூப்பிட எனக்கு வேறு ஆள் இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, வருகிறேன் என்றார்.

வெட்டிய அன்றும் வந்தார், முடிவு சொல்லும் நாளிலும் வந்தார். நோய்க்கு வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர். உடம்பின் காவல்படை, கண்ணீரும் எச்சிலும் சுரக்கும் சொந்தச் சுரப்பிகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்று டொக்டர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். என் இரத்தம் வேறொருவருடையதோடு மாறியிருக்காதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காகிதம், இரத்தம், உதடு மூன்றும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன என்றார்.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தோம். அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அம்மா மருந்தக் கொண்டுபோய் பாமசியில காட்டினேன். எல்லாம் கணக்கா இருக்கு, ஒரு பிழையும் இல்லன்னாங்க."

"எப்ப?"

"கருமாதிக்கு முந்தியே."

"அப்ப ஏன் என்கூடப் பேசல?"

"நீ அழல."

"அழுதேன் அண்ணே. தண்ணிதான் வரல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது இப்ப வந்த வருத்தமா, அப்பவே இருந்துச்சா?"

"உள்ள போய் டொக்டர்கிட்டயே கேளுங்க."

அவர் எழுந்து உண்மையிலேயே உள்ளே போய்விட்டார். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திரும்பி வந்தவர், வருடக்கணக்காக இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதாகச் சொல்லி என் போத்தலை வாங்கிக்கொண்டு போனார். குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

இப்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து, தினமும் மாத்திரை. சில மாதங்களில் விரல் விறைப்பு குறைந்தது. வாய் வறட்சி முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். தாடைக்குக் கீழே கட்டி ஏதும் வந்து கரையாமல் இருந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கிளினிக் நாட்களில் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார். போன தடவை, இந்த மாத்திரை கண்ணைக் கெடுக்குமாமே என்று டொக்டரிடம் விசாரித்தார். அரிதாக அப்படி ஆகலாம், அதற்காகத்தான் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதிக்கிறோம் என்றார் டொக்டர். அண்ணன் தலையாட்டினார். முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.