நைனாவை நம்பவைத்த பேச்சு

கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து நடுவிலிருக்கும் ஆரஞ்சுப் பசையை நாக்கால் வழித்தால் சுள்ளென்று ஒரு புளிப்பு ஏறும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில், ஊருக்குத் தெற்கே வரவிருந்த ஒரு கம்பெனியின் ஆட்கள் பேச்சுப்போட்டி அறிவிக்க வந்த அன்றுதான், அவர்கள் கொடுத்து, அதை முதன்முதலில் ருசித்தேன். 'கம்பெனி வந்தால் ஊர் வளரும்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு ஊர் வளர்ந்தால் என்ன, தேய்ந்தால் என்ன. எனக்குப் பரிசு வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பொன்னேரியில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். ஒருவர் மனத்தைப் பேச்சால் மாற்றுவது எப்படி என்ற பாடம் வரும்போது, சில சமயம் கேட்கிறவரைவிடப் பேசுகிறவரே முதலில் மாறிவிடுகிறார் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். நானும் அப்படி மாறியவள்தான். மூன்று பக்கம் என் கைப்பட எழுதி முடித்தபோது, அதில் இருந்த அத்தனையும் உண்மை என்று எனக்கே தோன்றிவிட்டது.

பத்து நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். நைனா, அதாவது என் அப்பா, வலையைப் பிரித்துக்கொண்டே கேட்பார். கம்பெனி ஆட்கள் இதையே வந்து சொன்னபோது முகம் கொடுக்காமல் எழுந்து போனவர், மகள் வாயால் தினமும் கேட்கக் கேட்கத் தலையாட்டத் தொடங்கினார். "படிக்கிற புள்ள. பொய் சொல்லி அதுக்கு இன்னா ஆவப்போவுது?" என்று அம்மாவிடம் சொன்னார். நானும் சும்மா இல்லை. "நீ கம்பெனி வேலைக்குப் போவியா நைனா?" என்று நச்சரித்து, "போலாந்தான்" என்பதை அவர் வாயிலிருந்தே பிடுங்கினேன்.

ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று எங்களுக்குள் முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். வெளிவேலைக்குப் போகிறவர் ஊர்க்கூட்டத்தில் தானே எழுந்து தன் பாடு உரிமையை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்க்கட்டு. "நல்லா ரோசன பண்ணிக்கோ. உட்டா உட்டதுதான்," என்று ஊர்ப்பெரியவர் இரண்டு முறை கேட்டார். நைனா எழுந்து, என் பேச்சிலிருந்து நாலு வாக்கியங்களை அப்படியே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெட்கமில்லாமல் நான் பூரித்துப்போனேன்.

கம்பெனி வாசலில் காவல் வேலை கிடைத்தது. இரண்டு வருடத்தில் காண்டிராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டபோது அவர் பாடு வேறு குடும்பங்களுக்குப் பிரிந்து போயிருந்தது. அதன்பிறகு மற்றவர் படகில் கூலிக்குப் போனார். மீஞ்சூர் பக்கம் மூட்டை தூக்கினார். ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. யாராவது பேச்செடுத்தால், "அன்னிக்கி எடுத்த முடிவு சரிதான்" என்று நான் வாய் திறக்குமுன் அவரே முந்திக்கொள்வார்.

இன்றும் பாடு பிரிக்கக் கூட்டம் போடுகிறார்கள். அப்போதிருந்த பெயர்களில் பாதி இல்லை. எங்கள் வீட்டுப் பெயரும் இல்லை. போன மாதம் அப்படியொரு கூட்டம் நடந்த அன்று வீட்டிலேயே இருந்த நைனாவிடம், இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"நான் சொன்னது தப்பு நைனா. பரிசுக்காகப் பேசினேன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"தப்புனு சொல்லிட்டா, இத்தினி வருசம் நான் பட்டதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பில்ல நைனா," என்றேன்.