தேவகியின் ஷிப்ட் நோட்டு

ஒரே தப்புக்கு மூன்று தடவை மன்னிப்புக் கேட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? போன வாரம் எனக்குக் கிடைத்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்பதில்தான் குழப்பம்.

ராபர்ட்சன்பேட்டையில் என் நோட்டுப் புத்தகக் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர் தேவகி. அவருக்குள் இரண்டு பேர். தேவகி, ராணி. ஒருவர் இருக்கும்போது நடப்பது மற்றவருக்குத் தெரியாது. பெங்களூரு டாக்டர் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னாராம். பஜாரில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேண்ணா" என்று நம்பிச் சொன்னது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாயிற்று!)

எப்படிச் சமாளிக்கிறார்கள்? தேவகியின் அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வருபவர், அடுத்து இறங்குபவரிடம் எந்த லெவலில் என்ன வேலை பாக்கி என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். இங்கேயும் அதே வழக்கம். ஒரு ஷிப்ட் நோட்டு. இவர் எழுதி வைப்பார், அவர் வந்து படிப்பார். நோட்டு என் கடையில்தான் வாங்குவார்.

திங்கட்கிழமை. என் மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போட வேண்டிய ரவிக்கையை வாங்கப் போனேன்.

"எந்த ரவிக்கைண்ணா? எழுதவே இல்லியே" என்றார் தேவகி.

நாலு நாள் முன்னால் துணியை வாங்கிய அதே கை! எனக்கு வந்ததே கோபம்... கடையில் நான்கு பெண்கள் நிற்பதைப் பார்த்தேனா?

"உனக்குள்ள இன்னொருத்தி கீறால்ல, அவள வரச் சொல்லு. அவகிட்டதான் குடுத்தேன்!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேவகி மிஷினை அப்படியே விட்டு உள்ளே போய்விட்டார்.

கடைக்குத் திரும்பி உட்கார்ந்தால், எதிரே பிரிக்காத நோட்டு பண்டல். அதற்கு முந்தின புதன்கிழமை, பழசு தீர்ந்து புது நோட்டு கேட்டு வந்தவரை, "பண்டல் பிரிக்கல, அப்புறம் வாம்மா" என்று அனுப்பிய சோம்பேறி யார்? நானேதான்.

மறுநாளே ஓடினேன். "தேவகி, தப்பு என்னுதும்மா."

"நான் ராணிண்ணா. நோட்டு இல்லாம உங்க ரவிக்கை விஷயத்த துண்டுப் பேப்பர்ல எழுதி வெச்சேன், ஃபேன் காத்துல பறந்துடுச்சி போல. ஆனா பேச்சு வாங்குனது அவ, எழுதி வெச்சிருக்கா. அவளுக்கு பதிலா நான் எப்படி பரவால்லன்றது?"

"ஒரே முகம், ஒரே செருப்பு... நீயே சொல்லிடேன்மா!"

"இன்னாண்ணா நீங்க? உங்க தம்பிய ஒருத்தன் அடிச்சிட்டு, உங்ககிட்ட சாரி சொன்னா முடிஞ்சிடுமா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

பண்டலைப் பிரித்தேன். புது நோட்டின் முதல் பக்கத்தில் என் மன்னிப்பு. வியாழக்கிழமை ராணி நோட்டைத் திறந்து காட்டினார். கீழே வேறு கையெழுத்து: 'படித்தேன். நாலு பேர் எதிரில் சொன்னீர்கள். இதையும் அப்படியே சொல்லுங்கள்.'

சனிக்கிழமை தேவகி இருந்தார். அன்று கடையில் நின்ற பெண்களில் இரண்டு பேர் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: "அன்னிக்கு பேசினது நான் இல்லம்மா, என் கோவம்..."

தேவகி ரவிக்கையை எடுத்து மேஜையில் வைத்தார். தைத்து, கொக்கி வைத்து, தயாராக.

"துணிய வாங்குனது நான் இல்ல. அதுக்குன்னு தெக்காம வுட்டேனா? யாரு வாங்குனாலும் ரெண்டு பேரும் பொறுப்பு. அது எங்க ரூலு. ஒரே ஆளு நீங்க... நீங்களே 'நான் இல்ல'ன்னா, நான் யாரண்ணா மன்னிக்கிறது?"

சொன்ன ரகசியத்தைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

"நான்தாம்மா பேசினேன்" என்றேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

தேவகி நோட்டை இழுத்து ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

'ராணி, திங்கட்கிழமை வந்தது அண்ணாவின் கோபமாம். அண்ணா இன்றைக்குத்தான் வந்தார்.'