வெயிலில் நிறுத்திய வண்டி

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து, கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போகலாம் என்றார். எனக்கும் ஆசைதான். குறுக்கே நின்றது அவருடைய இன்சுலின். அது குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். "மூணு நாள் கரண்ட்ல சொருகாம வண்டி ஃபிரிட்ஜ் ஓடட்டும், அப்பறம் போங்க" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கூரையில் வீட்டு மாடிகளில் போடுகிற பெரிய சோலார் பேனல், உள்ளே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. பேனலிலிருந்து வருவதை பேட்டரிக்கு ஏற்ற மாதிரி அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலர்தான் பாக்கி. பெரிய மார்க்கெட் பக்கத்து பேட்டரிக் கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார்.

"இதே போதும்மா. எல்லாரும் இதத்தான் வாங்கினு போறாங்க."

"எங்க பேனல் முப்பது வோல்ட்டுக்கு மேல குடுக்குது. மிச்சத்த இது என்னா பண்ணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "வீணாத்தாம்மா போவும்."

ஒரு வாரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதைத்தானே படித்தேன்! அந்த மிச்சத்தையும் பேட்டரிக்குள் சேர்க்கிற எம்.பி.பி.டி. வகைதான் வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குடோனிலிருந்து அது வந்த பிறகுதான் எழுந்தேன்.

குருசுக்குப்பம் கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்தி, ஃபிரிட்ஜில் மருந்துக்குப் பதிலாக ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துச் சோதனையைத் தொடங்கினோம். மறுநாள் காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜ் நின்றுபோயிருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"படிச்சிப் படிச்சி வாங்கின லட்சணம்!" என்றார் வீட்டுக்காரர்.

சுருக்கென்றது. ஏணியைச் சாய்த்துக் கூரைக்கு ஏறினேன். பேனல் முழுக்கப் பூவரசு மரத்தின் நிழல். பிள்ளைகளுக்கு சீட் சுடக் கூடாதென்று முப்பது வருடமும் நிழல் தேடியே நிறுத்திய மனிதர். டீ குடிக்க இறங்கினால்கூட மரத்தடிதான். முதல் நாள் முழுக்க அதே நிழலில் நாற்காலி போட்டு, ஆகா என்ன காற்று என்று உட்கார்ந்திருந்தவள் நான். யாரைத் திட்டுவது?

"மரத்த உட்டு வெளிய எடுங்க."

"வெயில்லயா? வண்டி கொதிக்கும்டி."

"கொதிக்கட்டும். நாம மரத்தடியில குந்திக்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். மூன்று நாள் கணக்கை முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். கன்ட்ரோலரில் எண்கள் ஏறின. அன்று மதியம் நிழல் நகர்ந்து பேனல் பக்கம் வந்தபோது, நான் சொல்லாமலே எழுந்துபோனார். ஸ்டியரிங் சுட்டதால் ஈரத்துண்டைச் சுற்றிப் பிடித்து வண்டியை வெளியே தள்ளி நிறுத்தினார். அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான்.

மூன்று நாளும் முடிந்த மறுநாள் மதியம் மகள் போன் செய்தாள். "எங்க நிறுத்தியிருக்கீங்கப்பா?"

"நல்லா சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல" என்றார் பெருமையாக.

நான் ஃபிரிட்ஜைத் திறந்து சில்லென்றிருந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தேன். அந்த இடத்தில், வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து கொண்டுவந்திருந்த அவருடைய இன்சுலினை வைத்து மூடினேன்.