கடலுக்கு முதுகைக் காட்டுபவர்

முதலில் குப்பைத்தொட்டி தெரியாத இடமாகப் பார்த்து நகர்கிறார். பிறகு ஓட்டலின் கழிவுநீர்க் குழாய் மறையும்படி இன்னும் கொஞ்சம். தென்னை மட்டை தலைக்கு மேலே தொங்க வேண்டும், தலையில் இடிக்கக் கூடாது. எல்லாம் அமைந்ததும் செல்போனைக் கை எட்டியமட்டும் நீட்டிப் பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, "தெரியுதா? அலை தெரியுதா?" என்று ஊரிலிருக்கும் மனைவியிடம் கேட்கிறார் ஏசி அண்ணன். அவர் போட்டிருக்கும் பூப்போட்ட சட்டை எந்தப் பயணியோ ஓட்டல் அறையில் விட்டுப்போனது. பேசி முடித்ததும் கழற்றி மடித்துவிடுவார். வியர்வை பட்டால் துவைக்க வேண்டும். துவைத்தால் இந்த ஊரில் காயாது.

உலகமே இந்தக் கரைக்கு வந்து வெயிலில் படுக்கிறது. படுத்து எழுந்தவர்களுக்கு உடனே குளிர்காற்று வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டல் ஏசிகளைப் பழுதுபார்க்கும் அண்ணனின் பிழைப்பு. "உப்புக்காத்து இரும்பைத் தின்னுது, நான் சோத்தைத் தின்னுறேன்" என்பார். "பால்கனிக் கதவைத் திறந்து போட்டுட்டு ரூம் கூலாகலன்னு போன் பண்றாங்க. நான் கடலையே கூலாக்கணும் போல!" அவருடைய சொந்த அறையில் ஒரு மேசை விசிறி மட்டும். ஆணியில் தொங்கும் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கிறது. கேட்டால், "வளர்த்துக்கிட்டிருக்கேன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் விடுமுறைகளில்தான். இப்போது மனைவியை அழைத்துக்கொள்ளக் கம்பெனி ஒருவழியாகச் சம்மதித்துவிட்டது. டிக்கெட் போடுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாமனார் குறுக்கே வந்தார். அண்ணன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகவே பக்கத்து அறைக்காரனான என் காதில் விழுந்ததில் என் தப்பு ஒன்றுமில்லை.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. வேலை போயிட்டா சொல்லிடுங்க. நமக்குள்ள என்ன?"

"வேலை எங்க மாமா போச்சு?"

"எப்பப் பார்த்தாலும் பீச்லயே நிக்கிறீங்களே! அதுவும் இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு."

"மாசாமாசம் பணம் வருதுல்ல மாமா?"

"அதான் பயமா இருக்கு! மணல்ல நிக்கிறவருக்குப் பணம் எங்கேருந்து வருது? பொண்ண எதை நம்பி அனுப்புறது?"

அண்ணன் அன்று கடலைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் பாடுபட்டுக் காட்டிய அலை, இப்படிக் காலை வாரிவிடும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் ஓட்டல் மொட்டைமாடியிலிருந்து அழைத்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். வரிசையாக மெஷின்கள் அனல் கக்குகின்றன. நடுவில் கம்பெனிச் சட்டை உடம்போடு ஒட்ட, ஒரு கையை மெஷினுக்குள் விட்டபடி அண்ணன்.

"கொஞ்சம் திரும்புங்க மாப்ள" என்றார் மாமனார். திரும்பினார். முதுகில் கம்பெனிப் பெயர், அதன்மேல் வியர்வை. மாமனார் நிதானமாகப் படித்தார். "அப்பாடா! இப்பத்தான் வயித்துல பால் வார்த்தீங்க. நல்லாக் கஷ்டப்படுறீங்க மாப்ள, ரொம்ப சந்தோஷம்!"

போன் மனைவி கைக்கு மாறியது. "தினமும் இப்படித்தானா?" என்றாள். அண்ணன் மறுபடி மெஷினுக்குள் கையை விட்டார். "சாயங்காலம் ரூமைக் காட்டுங்க. கடலைக் காட்டினீங்கன்னா கட் பண்ணிடுவேன்."

மாமனாரை வியர்வையைக் காட்டிச் சரிக்கட்டியாயிற்று. வரப்போகிறவளுக்கு எதைக் காட்டுவது? "பார்த்தா வரமாட்டா சார்" என்று என்னிடம் முனகிக்கொண்டே, மாலையில் அறையைச் சுற்றிக் காட்டினார். குறுக்கே கட்டிய கொடியில் காயாத துணிகள். துருவேறிய ஃப்ரிட்ஜ். பெல்ட்டை மட்டும் வேகமாகத் தாண்டினார். கடைசியில் ஜன்னல். திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

விசிறி மட்டும் கடகடத்தது.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். ஜன்னல் எவ்ளோ அகலம்? கர்ட்டன் தைச்சு எடுத்துட்டு வரேன்."

"வெளியே சுவர்தானே இருக்கு? அதுக்கு எதுக்குக் கர்ட்டன்?"

"அதைப் பார்க்காம இருக்கத்தான். அளந்து சொல்லுங்க."

இடுப்பிலிருந்த டேப்பை உருவினார். போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "உங்க காதுதான் தெரியுது" என்று அவள் கத்தக் கத்த, ஜன்னலை அளந்து சொன்னார். போனை வைத்த பிறகும் டேப்பை உள்ளே விடவில்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி, தன் ஒற்றைக் கட்டிலின் அகலத்தை அளந்தார்.